பிளாஸ்ட் முடிந்துவிட்டது

எங்கள் ஊரில் தரை ஆடினால் யாரும் நிலநடுக்கம் என்று சொல்வதில்லை. பிளாஸ்ட் என்போம். சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த நாளில் பாறையை உடைக்க வெடி வைப்பதும் பிளாஸ்ட்தான். யாரும் வைக்காமல், தோண்டித் தோண்டி வெறுமையாகிப்போன ஆழத்தில் பாறை தானாக வெடித்து, மேலே வீடெல்லாம் குலுங்குவதும் பிளாஸ்ட்தான். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் இரண்டாவது வகை நிற்கவில்லை. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். எப்போதாவது ஒரு மத்தியான வேளையில் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் தானாகக் கிணுகிணுக்கும். பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் தரையைப் பார்ப்போம்.

சின்ன வயதில் அப்படி ஆடும்போது சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டை விட்டு வெளியே ஓடிவந்து நிற்போம். பெரியவர்கள் யாராவது, பெரும்பாலும் என் அப்பா, கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பிளாஸ்ட் முடிஞ்சிடுச்சு, உள்ள போங்க" என்பார். அந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருப்போம். அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். வெட்டியெடுத்த இடத்தில் மரத்தை முட்டுக்கொடுத்துப் பாறையைத் தாங்கவைப்பது அவர் வேலை. கீழேயும் அதே வாக்கியம்தான். பிளாஸ்ட் முடிந்தது, புகை அடங்கியது என்றால் உள்ளே போய் வேலையைத் தொடங்கலாம். எங்கள் ஊரில் அதற்கு வேறு பொருளே கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த வாக்கியத்தை நான் ஒரே ஒரு தடவை தப்பாகச் சொன்னேன். என் தம்பி நடக்க முடியாமல் போனதற்கு அது காரணமில்லை, எப்படியும் ஒருநாள் நடந்திருக்கும் என்று டாக்டர் பலமுறை சொல்லிவிட்டார். அவர் நல்லவர், அப்படித்தான் சொல்வார். எனக்கு அதில் ஒரு நாளும் நம்பிக்கை வந்ததில்லை.

எங்கள் வீடு ஸ்கெலட்டன் என்ற குடியிருப்பில். எலும்புக்கூடு என்று பேர் வைத்த இடத்தில் குடியிருந்துகொண்டு, கேடு எலும்பில் வராமல் சதையில் வந்தது எங்களுக்கு. தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். அவன் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பிறகு அவனைக் குளிப்பாட்டியதும் தலைவாரியதும் அடித்ததும் நான்தான். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவனுக்குக் கோபமே வராது. திட்டினால் சிரிப்பான், அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவான்.

அவன் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பதிமூன்று வயதிலேயே கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு, பெரிய ஆள் கால் போல இருக்கும். லைனில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். "இன்னா கெண்டைடா இது! ஃபுட்பால் ஆடினா கோல்கீப்பரே பறந்துடுவான்" என்று பின்வீட்டுக்காரர் சொல்வார். அப்பாவுக்கு அதில் பெருமை தாங்காது. முற்றத்தில் குழாயடியில் அவன் கால் கழுவும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார்.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து சுரங்கத்துல ஏணி ஏறின காலுடா. ரத்தத்துல கீது" என்பார்.

ரத்தத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் பாட்டனிடமிருந்து வரவில்லை. அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே, இருபது சொச்சம் வயதில் செத்துப்போனவர். கடைசி வருஷங்களில் உட்கார்ந்தே நகர்ந்தாராம். போலியோ என்றுதான் வீட்டில் சொன்னார்கள். வயதுவந்த பிறகு வருகிற போலியோ என்ன போலியோ என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் படம்கூட வீட்டில் கிடையாது.

தம்பி கால் இவ்வளவு பெரிதாக இருந்தும் அவனால் ஓட முடியவில்லை. பந்தயத்தில் கடைசியாக வருவான். தரையில் உட்கார்ந்தால் நேராக எழமாட்டான். முதலில் கையை ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன்மேலேயே தான் ஏறுவது போல எழுந்து நிற்பான். நானும் அப்பாவும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இன்று அதை நினைத்தால் என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவன் பங்காரப்பேட்டையில் காலேஜுக்குப் போன வருஷத்தில்தான் ரயில் படியைக் கவனித்தேன். நான் அப்போதே பெங்களூரில் வேலையில் இருந்தேன். வாரம் முழுக்க ஹாஸ்டல், சனிக்கிழமை வீடு, திங்கட்கிழமை விடிகாலை மாரிகுப்பத்தில் கிளம்பும் வண்டி. ஒரு திங்கட்கிழமை இருவரும் ஒன்றாக ஏறினோம். எங்கள் நிறுத்தத்தில் நடைமேடை தாழ்வு, படி உயரம். தம்பி இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கால் வேலை செய்யாமல், கையால் தன்னை மேலே இழுத்துப் போட்டான். பின்னால் நின்ற ஆள் தெரிந்தவர் போல. பழக்கமாக அவன் இடுப்பில் கைவைத்துத் தள்ளிவிட்டார்.

"கைக்கு வேலையக் குடுத்துட்டு காலுக்கு லீவு விட்டியா? சோம்பேறி" என்றேன். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தினமும் யாரோ தள்ளிவிட்டுத்தான் ஏறுகிறான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாக அந்த வருஷம் செய்தி வந்தது. எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அதைவிட்டால் பெங்களூர் ரயில்தான் கதி. எழுத்துத் தேர்வில் அவன் தேறிவிடுவான், ஓட்டத்தில்தான் நிற்கமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அவனைச் சயனைடு மலையில் ஏற்றி இறக்கினால் கால் தானாக வசப்படும் என்று நான்தான் சொன்னேன். யோசனை என்னுடையது. அப்பா பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சயனைடு மலை மலையல்ல. சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய மண். மழைநீர் அறுத்து அறுத்து பள்ளம் பள்ளமாக இருக்கும். வெயில் காலத்தில் அதிலிருந்து கிளம்புகிற தூசு ஊர் முழுக்கப் படியும். அப்பா அவனை விடியும் முன்னே எழுப்புவார். "எயுந்திருடா, ஷிஃப்டுக்கு நேரமாச்சு." சுரங்கம் மூடியதிலிருந்து அவருக்கு ஷிஃப்ட் இல்லை. மகனுக்கு ஒரு ஷிஃப்ட் கிடைத்ததும் மனிதருக்குப் பத்து வயது குறைந்தது. ஏறுவது நான்கு தடவை, இறங்குவது நான்கு தடவை. ஏறும்போது மூச்சு வாங்கினாலும் சமாளித்துவிடுவான். இறங்கிய பிறகுதான் கெண்டை இரண்டும் கல்லாக இறுகிப்போய் முனகுவான். அப்பா எண்ணெய் போட்டு உருவிவிட்டு, "வலிச்சாத்தான்டா கட்டும்" என்பார்.

இறங்குவதுதான் கெடுதல் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?

ஆறேழு வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்பா வெளியே போயிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஒன்னுக்கு டிகாக்‌ஷன் கலர்ல போவுது."

"எத்தினி நாளா?"

"மலை ஏறுன அன்னிக்கெல்லாம். ஞாயித்துக்கிழமை அப்டி போவமாட்டேங்குது."

அவன் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறான் என்று பாருங்கள். ஏறிய நாளில் வருகிறது, ஓய்வு நாளில் இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள், கல்லீரல் கணக்கு ஏறியிருக்கிறது, காமாலை என்றார்கள். அப்பா பேத்தமங்களா ஏரிப் பக்கம் போய்க் கீழாநெல்லி பறித்துவந்து, அரைத்து மோரில் கலக்கி ஊற்றினார். எண்ணெய் கூடாது, காரம் கூடாது என்று பத்தியம். மலை ஏறுவது மட்டும் நிற்கவில்லை. வியர்வையில் காமாலை இறங்கிவிடும் என்று யாரோ சொன்னதை அப்பா நம்பினார். நானும் ஆமாம் என்றேன். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

இதில் கொடுமை என்னவென்றால், பெங்களூரில் நான் செய்துகொண்டிருந்த வேலை. ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் சதைத் துணுக்குகளோடுதான் என் பிழைப்பு. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை உறையவைத்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் கொடுத்து டாக்டர் மேஜையில் வைப்பேன். மூன்று வருஷத்துக்கு மேல் தினமும் அதைத்தான் செய்தேன்.

டாக்டரம்மா ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். நல்ல தகடு வந்தால் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொல்வார். அப்படித்தான் ஒருநாள் அந்தச் சின்னஞ்சிறு உயிரணுவைக் காட்டினார். ஒவ்வொரு தசைநாரின் ஓரத்திலும், அதன் தோலுக்கும் மேலுறைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு, தூங்கிக்கொண்டிருக்கும். சாட்டிலைட் செல் என்று பேர். நார் அறுந்தால்தான் விழிக்கும். விழித்ததும் பிரிந்து பெருகும். பெருகியதில் ஒரு பங்கு அறுந்த இடத்துக்குப் போய் ஒட்டி, புதுச் சதையாக மாறும். இன்னொரு பங்கு திரும்பிப்போய் அதே இடத்தில் படுத்துக்கொள்ளும், அடுத்த தடவைக்காக. நாம் பாரம் தூக்கி, விழுந்து, அடிபட்டு, மறுபடி எழுந்து நடப்பதெல்லாம் இவற்றின் தயவு என்றார். எனக்கு அப்பாவின் சுரங்கத்தில் ஆள் வராத ஷிஃப்டுக்கு நிறுத்தக் காத்திருக்கும் மாற்று ஆட்கள் ஞாபகம் வந்தது.

விழித்து வேலைக்குக் கிளம்பிய உயிரணுவுக்கு டாக்டர்கள் பாஷையில் மயோபிளாஸ்ட் என்று பேர். கூடத்தில் சுருக்கமாக பிளாஸ்ட் என்போம். "எங்க ஊர்ல பிளாஸ்ட்னா வேற மேடம்" என்று முதல்நாள் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கிரேக்கத்தில் அதற்கு முளை என்று அர்த்தமாம். நாளடைவில் எனக்கும் அது முளையாகவே ஆகிவிட்டது. இந்தத் தகட்டில் பிளாஸ்ட் நிறைய, பரவாயில்லை. இதில் பிளாஸ்டே காணோம், பாவம். தினமும் நாக்கில் உருண்ட வார்த்தை, ஊர் அர்த்தத்தை உதிர்த்துவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை.

ஒருநாள் டாக்டரம்மா யாரோ ஒரு நோயாளியின் விவரத்தைச் சத்தமாகப் படித்தபடி குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். கெண்டைக்கால் பெருத்திருக்கும், ஆனால் பலம் இல்லை. தரையிலிருந்து கையூன்றி எழுகிறார். உழைத்த நாளில் சிறுநீர் கருத்துப்போகிறது. ரொம்ப நாள் காமாலை என்று தப்பாக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். சதை சிதைந்தாலும் ரத்தத்தில் அதே கணக்குதான் ஏறும் என்பது அங்கே தெரியவில்லை போல.

என் கையில் இருந்த தகடு கீழே விழுந்து உடைந்தது. மூன்று வருஷமாக அடுத்தவன் சதையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், என் வீட்டில் கண்ணெதிரே நடந்ததைப் பார்க்கவில்லை. அன்று மத்தியானமே அப்பாவுக்குப் போன் செய்தேன். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை தம்பி மலை ஏறக்கூடாது, ஒரு தடவைகூடக் கூடாது என்றேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. ஆனாலும் என் குரலைக் கேட்டுப் பயந்து சரி என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அதை அவருக்காக நான் சொல்லியே ஆக வேண்டும்.

தம்பியை அழைத்துப்போய் ரத்தம் கொடுத்தோம். தொடையிலிருந்து ஒரு சின்னத் துணுக்கை எடுத்துக்கொண்டு அவனை ஊருக்கு அனுப்பினார்கள். அதைச் சீவிச் சாயம் கொடுத்தது நான்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. தகடு தயாரானது சில நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை. டாக்டரம்மா வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார்.

நார்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், சிலது ஊதி, சிலது சுருங்கி, நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு. ஊரே மெச்சிய கெண்டைக்குள்ளும் இதுதான் நிறைந்திருக்கும் என்று புரிந்தது. நாரின் தோலைக் காப்பாற்றுகிற புரதம் அவனுக்குப் பிறவியிலேயே குறை. சாதாரணமாக நடந்தாலே நார் கிழியும், இறக்கத்தில் கால் ஊன்றும்போது இன்னும் அதிகம் கிழியும். ஒவ்வொரு கிழிசலுக்கும் அந்தச் சின்ன உயிரணுக்கள் விழித்து ஓடிவந்திருக்கின்றன. குழந்தைப் பருவத்திலிருந்து ஓயாமல். திரும்பிப்போய்ப் படுப்பதற்குள் மறுபடி கூப்பிட்டிருக்கிறோம். இப்போது கூப்பிட்டால் வர அதிகம் பேர் இல்லை.

"இந்தப் பக்கம் பிளாஸ்ட் இல்ல, பார்த்தியா? தீர்ந்துபோயிருக்கு" என்று டாக்டரம்மா கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். "மிச்சம் இருக்கறத வெச்சு ஓட்டணும். ஓடக்கூடாது, மேடு ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. ஜாக்கிரதையா இருந்தா ரொம்ப வருஷம் நடப்பான்." பிறகு தாய்மாமன் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அம்மாவைப் போல நானும் இந்த நோயைச் சுமக்கிறேனா என்று பார்க்க என் ரத்தத்தையும் ஒருநாள் கொடுக்கச் சொன்னார். அதை இன்றுவரை கொடுக்கவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே ஒதுங்கி நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"இன்னாம்மா சொன்னாங்க?"

 எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததுதான் கண்ணில் நின்றது.

"பிளாஸ்ட் எல்லாம் முடிஞ்சி போச்சு நைனா" என்றேன்.

"முடிஞ்சிடுச்சா? நல்லா பாத்தாங்களா?"

"நானே பாத்தேன். ஒன்னுமே இல்ல. முடிஞ்சிடுச்சு." அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. நான் அழுவதை அவர் கேட்கக்கூடாது. "சனிக்கிழமை வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் குரலில் இருந்தது நிம்மதி என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தகடுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது பின்வீட்டுக்காரர் போன் செய்தார். தம்பியை நான்கு பேர் சேர்ந்து மலையடிவாரத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறார்களாம். கால் இரண்டும் மடங்கவில்லையாம். ஒன்னுக்குக் கறுப்பாக வந்து, பிறகு அதுவும் நின்றுவிட்டதாம்.

பெங்களூருக்குக் கொண்டுவரச் சொன்னேன். சிதைந்த சதையெல்லாம் ரத்தத்தில் கரைந்து சிறுநீரகத்தை அடைத்திருந்தது. பதினோரு நாள் இயந்திரத்தில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். முதல் நாள் வராந்தாவில் அப்பா பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் குந்தியிருந்தார். கால்சட்டை விளிம்பில் சயனைடு மண் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீதானேம்மா சொன்ன? பிளாஸ்ட் முடிஞ்சிடுச்சு, ஒன்னுமே இல்லன்னு? ரெண்டு வாரம் சும்மா இருந்துட்டான், விட்டதப் புடிக்கணும்னு ஆறு தடவ ஏத்தி எறக்கினேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.  அவர் ஊர்க்காரர், நானும் ஊர்க்காரிதான். இந்த உலகத்தில் அந்த வாக்கியத்தை அவரிடம் சொல்லக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். ஆட்டம் அடங்கிவிட்டது, உள்ளே போகலாம் என்று என் வாயாலேயே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

விளக்கிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நைனா, அந்த பிளாஸ்ட் வேறு, அது முளை, முளை தீர்ந்துவிட்டது என்றுதான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? மிச்சமிருந்ததையும் தன் கையாலேயே அழித்துவிட்டதாக அந்த மனிதர் சாகும்வரை நினைப்பார். என்னால் முடியவில்லை. "நான்தான் சரியா சொல்லல நைனா" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி யோசித்தார். "இல்லம்மா. நீ சரியாத்தான் சொன்ன. பிளாஸ்ட் முடிஞ்சிடுச்சு. பொகை அடங்கறதுக்குள்ள உள்ள இட்டுனு போய்ட்டேன். நாப்பது வருசம் கத்துக்குனத மறந்துட்டேன் பாரு" என்றார். அந்த விளக்கம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் அதை மறுக்கவில்லை.

தம்பி பிழைத்தான். தடியூன்றி நடந்தான். ரயில் படி முதலில் போயிற்று, காலேஜும் அதோடு போயிற்று. அடுத்து வாசல்படி. அடுத்து, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஒவ்வொன்றும் போகும்போது இனி போக என்ன இருக்கிறது என்று நினைப்பேன். ஏதாவது இருக்கும். இப்போது சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். தன் நோயைப் பற்றிப் போனில் கிடைப்பதையெல்லாம் படித்துவிட்டான். என்னைவிட அவனுக்கு அதிகம் தெரியும். அன்று போனில் நான் சொன்னதையும் அதை அப்பா எப்படி எடுத்துக்கொண்டார் என்பதையும் அவனிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன். "நைனாவுக்குத் தெரிய வேணாங்க்கா" என்றான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்பா இன்னும் முதல் ஷிஃப்ட் நேரத்துக்கு எழுந்துகொள்கிறார். அவனை எழுப்புவதில்லை. அவன் காலடியில் உட்கார்ந்து, எண்ணெய் தொட்டு, அந்தக் கெண்டையை உருவிக்கொண்டிருப்பார். அது இன்னும் உருண்டு திரண்டுதான் இருக்கிறது. "பொகை அடங்கட்டும், அவசரமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நான் அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை.

போன மாதம் தம்பிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூங்கினான். இதயத்தை ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா ஓய்வுபெற்றுவிட்டார் என்றாலும் படத்தை அவரிடம்தான் எடுத்துப்போனேன். அதுவும் சதைதானே என்றார். அங்கேயும் அதே புரதம் குறை, அங்கேயும் கிழிகிறது. காலிலாவது அந்தச் சின்ன உயிரணுக்கள் இருந்து, வேலை செய்து, தீர்ந்துபோயின. இதயத்தில் அவை பிறவியிலேயே கிடையாது. உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. கிழிந்தால் தைக்க ஆளில்லை. மாத்திரையால் தள்ளிப்போடலாம் என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தேன். கையில் பெரிய உறை. அப்பா தம்பியின் காலடியில் உட்கார்ந்திருந்தார். தம்பி உறையைப் பார்த்தான், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா எழுந்து நின்று, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கேட்கப் பயந்துகொண்டே கேட்டார்.

"ஹார்ட்டுல... அங்கயும் அந்த பிளாஸ்டு இருக்குதாம்மா?"

முதல் தடவை எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நான் என்ன சொல்வேன் என்பதும் தெரியும், அவர் காதில் அது என்னவாக விழும் என்பதும் தெரியும்.

"இல்ல நைனா" என்றேன். "ஹார்ட்டுல பிளாஸ்டே கிடையாது."

"அப்பாடா" என்று அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. நம்ப முடியாமல் தம்பியின் முகத்தைப் பார்த்தார், அவனும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்பது போல.

தம்பி ஜன்னலிலிருந்து திரும்பினான். என்னை ஒரு கணம் பார்த்தான். எல்லாம் படித்தவன், அவனுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை.

"அதான் அக்கா சொல்லிட்டாங்களே நைனா, கிடையாதுன்னு" என்றான். "போய் டீ போடுங்க."

அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து டீ போடப் போனார்.